அருகே ஒருத்தி இருக்கட்டும்!

'டூலா' என்பது கிரேக்கச் சொல். பொருள் என்ன தெரியுமா? அடிமைப் பெண்! எசமானி ஏவியதைச் செய்து, கைகட்டி வாய்பொத்தி நின்றவளுக்கு அந்நாளில் இட்ட பெயர் அது. அந்தப் பெயரை 1973ஆம் ஆண்டு டானா ராஃபேல் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர், தாய்ப்பால் ஊட்டுவது பற்றிய தமது நூலிலே எடுத்தாண்டார். பிள்ளை பெற்றவளுக்குப் பக்கத்திலே இருந்து பக்குவமாய்த் துணை செய்பவள் என்ற பொருளை அதற்கு ஏற்றினார். சொல் பரவிற்று, தொழிலும் பரவிற்று. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் டூலா என்றால் பேறுகாலத் துணைவி.

அவள் டாக்டர் அல்ல. மருத்துவச்சியும் அல்ல. ஊசி போடமாட்டாள், கத்தி எடுக்கமாட்டாள், மருந்து எழுதித் தரமாட்டாள். பின் என்னதான் செய்கிறாள் என்று கேட்பீர்கள். இருக்கிறாள்! ஆம், தோழர்களே, அருகே இருக்கிறாள். வயிற்றிலே பிள்ளை வளரும்போதே வீடு தேடி வருகிறாள். வலி கண்ட வேளையிலே இடுப்பைப் பிடித்துவிடுகிறாள். நெற்றி வியர்வையைத் துடைக்கிறாள். டாக்டர் சொன்னது விளங்காதபோது விளங்கும்படி எடுத்துரைக்கிறாள். 'இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடு' என்று ஒருவர் நீட்டினால், 'அதிலே என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் கேளம்மா' என்கிறாள். பிள்ளை பிறந்த பிறகும் வந்து, பால் கொடுக்கப் பழக்கி, பெற்றவளின் முகம் வாடியிருக்கிறதா, வயிறு நிறைந்திருக்கிறதா என்று பார்த்துப் போகிறாள்.

'இவ்வளவுதானா! இதை எங்கள் அத்தையும் ஆத்தாளும் செய்யவில்லையா?' என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிப்பதற்கு முன் சில கணக்குகளைக் காணட்டும்.

குவாத்தமாலா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றிலே நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 1980இல் வெளிவந்தது. முதற்பிள்ளை பெற வந்த பெண்களில் ஒரு சாராருக்கு, முன்பின் அறிமுகமில்லாத ஒரு பெண்ணைத் துணையாக உட்கார வைத்தார்கள். மறு சாராரை வழக்கப்படி தனியே விட்டார்கள். துணை இருந்தவர்கள் வலிப்பட்ட நேரம் சராசரி 9 மணிக்கும் குறைவு. தனியே கிடந்தவர்கள் வலிப்பட்டது 19 மணிக்கும் மேல்! ஓர் ஆய்வு போதாது என்பீர்களானால், 2017இல் காக்ரேன் ஆய்வுக்குழு, 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களின் கணக்கு அது. தொடர்ந்து ஒருத்தி துணையிருந்த இடத்திலே அறுத்துப் பிள்ளை எடுப்பது நாலில் ஒரு பங்கு குறைந்தது, வலிநேரம் குறைந்தது, 'கொடுமையாக இருந்தது' என்று பின்னர் சொன்னோர் தொகையும் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2018இல், பிள்ளை பெறும் பெண் ஒவ்வொருவருக்கும் அவள் விரும்புகிற துணை அருகே இருக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. அத்தையும் ஆத்தாளும் அறிந்திருந்ததை விஞ்ஞானம் எடைபோட்டுப் பார்த்து, 'சரி' என்று முத்திரை குத்திவிட்டது!

ஆனால் இன்று நாம் எழுத எண்ணியது வலி குறைவதைப் பற்றி மட்டுமல்ல. அந்தக் கண்டத்தின் பூர்வகுடி மக்களிடையே டூலா என்பவள் ஆறுதலுக்கு மட்டும் வருபவள் அல்ல, காவலுக்கு வருபவள். சாட்சிக்கு வருபவள். பிள்ளை பெறுகிற பெண்ணுக்குக் காவல் எதற்கு? சாட்சி எதற்கு? அந்த வரலாற்றைத்தான் பார்க்கவேண்டும்.

பூர்வகுடிகள் என்றால் யார்? கொலம்பஸ் வழிதவறிப் போய் இறங்கி, 'இந்தியாவைக் கண்டேன்' என்று எண்ணிக்கொண்டானே, அந்தத் தவறுக்குத் தண்டனையாக 'செவ்விந்தியர்' என்ற பெயரைச் சுமந்த மக்கள். மண் அவர்களுடையது, மலை அவர்களுடையது. வந்தவன் மண்ணைப் பறித்தான், மலையைப் பறித்தான், மொழியைப் பறித்தான். இத்தனையும் பறித்த பிறகு மிச்சம் இருந்தது என்ன? தாயின் வயிறு! அதையும் விட்டானா?

1976ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்கச் சர்க்காரின் கணக்காய்வு அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கேட்டவர் தெற்கு டகோட்டா மாநிலத்து செனட்டர் ஜேம்ஸ் அபோரெஸ்க். பூர்வகுடிகளுக்கென்று சர்க்கார் நடத்தும் சுகாதாரத் துறைக்குப் பன்னிரண்டு வட்டாரங்கள். அவற்றில் நான்கை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். 1973 முதல் 1976 வரையான ஆண்டுகளில் அந்த நான்கிலே நடந்த கருத்தடை அறுவைகள் 3,406! பெருந்தொகை இல்லையே என்று எண்ணாதீர்கள். 1970 கணக்கெடுப்பின்படி அந்நாட்டிலே அந்த மக்களின் மொத்தத் தொகையே எட்டு இலட்சத்துக்கும் குறைவு. 21 வயது நிரம்பாதவர்களுக்குச் செய்யக்கூடாது என்று தடை இருந்தும், 36 இளம்பெண்களுக்குச் செய்திருந்தார்கள். 'மறுத்தால் உனக்குள்ள உதவி எதுவும் நிற்காது' என்று முதலிலேயே சொல்லவேண்டும் என்பது விதி. சொன்னதற்கான அத்தாட்சி பல படிவங்களிலே இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். வற்புறுத்தல் நடந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை என்று அறிக்கை எழுதியவர்கள், ஏடுகளைப் புரட்டினார்கள், படிவங்களை எண்ணினார்கள். அறுவைக்கு ஆளான பெண்களில் ஒருவரையாவது அழைத்து, 'அம்மா, உனக்கு நடந்தது என்ன?' என்று கேட்கவில்லை! கையெழுத்து இருந்தது, அது போதும் என்றார்கள். கையெழுத்து எந்த நேரத்திலே வாங்கப்பட்டது? வலியின் நடுவிலா? மயக்கத்தின் விளிம்பிலா? யார் அறிவார்? அருகிலேதான் யாரும் இல்லையே!

எல்லைக்கு வடக்கே கனடா. நாகரிக நாடு, நயத்தக்க நாடு என்று பெயர் பெற்றது. அங்கே ஆல்பர்ட்டா மாநிலத்தில் 1928இலிருந்து 1972 வரை கருத்தடைச் சட்டம் ஒன்று இருந்தது. 'தகுதியற்றவர்' பிள்ளை பெறலாகாது என்று சுமார் 2,800 பேருக்கு அறுவை செய்தார்கள். அவர்களிலே பூர்வகுடியினரின் பங்கு, அவர்கள் மக்கள்தொகையின் அளவைக் கடந்து நின்றது. பழங்கதை என்பீர்களா? சஸ்காச்சுவான் மாநிலத்திலே, ஆஸ்பத்திரியில் தங்களை நெருக்கிக் கருக்குழாயைக் கட்டிவிட்டார்கள் என்று பூர்வகுடிப் பெண்கள் 2015இல் வாய் திறந்தார்கள். யுவோன் போயர், ஜூடித் பார்ட்லெட் ஆகிய இருவர் விசாரித்து 2017இல் தந்த அறிக்கையைப் படித்துவிட்டு, அந்த வட்டாரச் சுகாதார நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு வந்தது, வயிறு திரும்பி வருமா?

பிறக்காமல் தடுத்தது ஒரு கொடுமை. பிறந்ததைப் பறித்தது மற்றொன்று. அமெரிக்காவிலே பூர்வகுடிக் குழந்தைகளில் நூற்றுக்கு 25 முதல் 35 வரை தம் குடும்பத்தினின்றும் பிரிக்கப்பட்டிருந்தார்கள் என்று கண்டறிந்த பிறகுதான், 1978இல் இந்தியக் குழந்தை நலச் சட்டம் வந்தது. கனடாவிலோ 'பிறப்பு எச்சரிக்கை' என்றொரு வழக்கம். கருவுற்ற பெண்ணுக்குத் தெரியாமலே குழந்தைநலத் துறை ஆஸ்பத்திரிக்குச் செய்தி அனுப்பும்: 'இவள் பிள்ளை பெற்றதும் எங்களுக்குச் சொல்லுங்கள்.' தொப்புள்கொடி உலருமுன் குழந்தை கைமாறும்! காணாமற்போன, கொலையுண்ட பூர்வகுடிப் பெண்கள் பற்றிய தேசிய விசாரணை 2019 ஜூன் மாதம் இதை ஒழிக்கச் சொன்னது. பிரிட்டிஷ் கொலம்பியா அவ்வாண்டே நிறுத்திற்று. மனிடோபாவும் ஒண்டாரியோவும் 2020இல் நிறுத்தின. சஸ்காச்சுவான் 2021இல் நிறுத்திற்று.

இன்னும் ஒரு வழக்கம் உண்டு. தொலைதூரக் குடியிருப்புகளிலே வாழும் பெண்ணை, எட்டு மாதம் கடந்ததும் வானூர்தியில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கணவன் இங்கே, மூத்த பிள்ளைகள் இங்கே. அவள் மட்டும் அங்கே, அறிமுகமில்லாத விடுதியில், வாரக்கணக்கில், வலி வரும் நாளை எண்ணிக்கொண்டு! ஆஸ்பத்திரி இருக்குமிடத்துக்கு அனுப்புவது நல்லதுதானே என்று கேட்கலாம். அனுப்புவதைக் குறை கூறவில்லை நாம். தனியே அனுப்புவதைக் கூறுகிறோம்! கூட ஓர் ஆள் போவதற்குச் செலவு தருகிறோம் என்று கனடா மத்திய சர்க்கார் அறிவித்தது எப்போது தெரியுமா? 2017ஆம் ஆண்டு!

ஜாய்ஸ் எச்சாகுவான் என்ற மாதரசியை நினைத்துப் பாருங்கள். கியூபெக் மாநிலத்து அட்டிகமேக் இனத்தவர், 37 வயது, ஏழு பிள்ளைகளின் தாய். 2020 செப்டம்பர் 28ஆம் நாள், வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்திருந்தார். ஊழியர்கள் அவரை ஏசினார்கள். பிள்ளைகளை இழுத்துப் பேசினார்கள். அருகே தம்மவர் யாரும் இல்லை. கைப்பேசியை எடுத்து, முகநூலிலே நேரலையாக அதை உலகுக்குக் காட்டினார். அன்றே மாண்டார். இனவெறுப்பும் முன்முடிவும் அந்தச் சாவுக்குத் துணைபோயின என்று 2021இல் மரண விசாரணை அதிகாரி எழுதினார். ஓர் உயிர் போகும் வேளையில் சாட்சியாய் நிற்க ஒரு கருவியைத் தவிர வேறு நாதி இல்லை! காவல் எதற்கு, சாட்சி எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமோ?

இந்தப் பின்னணியிலேதான் 'இனப்பெருக்க நீதி' என்ற முழக்கம் பிறந்தது. 1994ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிகாகோ நகரிலே கறுப்பினப் பெண்கள் பன்னிருவர் கூடி அந்தச் சொல்லை வடித்தார்கள். 1997இல் உருவான 'சிஸ்டர்சாங்' கூட்டமைப்பிலே கறுப்பினப் பெண்களோடு பூர்வகுடிப் பெண்களும், இலத்தீன் அமெரிக்க, ஆசிய வழிப் பெண்களும் கைகோத்தார்கள். அவர்கள் கேட்டது மூன்று. பிள்ளை வேண்டாம் என்றால் பெறாதிருக்கும் உரிமை. வேண்டும் என்றால் பெறும் உரிமை. பெற்ற பிள்ளையை அச்சமின்றி, நஞ்சின்றி, நலமாக வளர்க்கும் உரிமை.

மூன்றும் ஏன் ஒன்றாக வேண்டும்? பூர்வகுடிப் பெண்ணைக் கேளுங்கள், சொல்லுவாள். கருத்தடை அறுவைக்குச் சர்க்கார் பணம் தாராளமாக இருந்தது. கருக்கலைப்புக்கு மத்திய சர்க்காரின் பணத்தைத் தொடக்கூடாது என்ற ஹைட் திருத்தமோ அதே 1976இல் வந்தது. பிற்பாடு பூர்வகுடி சுகாதாரத் துறையையும் அது கட்டிப்போட்டது. பெறாதே என்று ஒரு கை தடுத்தது. பெற்றே தீர் என்று மறுகை பிடித்தது. இரு கையும் ஒரே சர்க்காரின் கைதான்! 2022 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையைப் பறித்தபோது நாடே அதிர்ந்தது. பூர்வகுடிப் பெண்ணுக்கு அந்த உரிமை அதற்கு முன்பே ஏட்டளவில்தான் இருந்தது.

மூன்றாவது உரிமைக்கும் கதை உண்டு. நியூயார்க் மாநிலத்துக்கும் கனடாவுக்கும் இடையே விரிந்து கிடக்கிறது அக்வெசாஸ்னி எனும் மோஹாக் பூமி. பக்கத்திலே ஜெனரல் மோட்டார்ஸ் வார்ப்பாலை. அது வெளியேற்றிய பிசிபி என்ற நச்சுப்பொருள் புனித லாரன்ஸ் ஆற்றிலே கலந்தது. ஆற்று மீனிலே கலந்தது. மீன் தின்ற தாயின் பாலிலே கலந்தது! மோஹாக் மருத்துவச்சி கேட்சி குக் 1980களிலே தாய்ப்பால் ஆய்வைத் தொடங்கி, விஞ்ஞானிகளைச் சேர்த்துக்கொண்டு அதை அளந்து காட்டினார். பிள்ளைக்கு முதல் சுற்றுச்சூழல் தாயின் உடலே என்பது அவருடைய வாதம். மறுக்க முடியுமா?

இப்போது துணைவிகளைப் பார்ப்போம். நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடபகுதியிலே, அணுகுண்டு பிறந்த லாஸ் அலமாஸுக்குப் பக்கத்திலே, டேவா மொழி பேசும் மக்கள் வாழ்கிறார்கள். அங்கே 'டேவா விமன் யுனைடெட்' என்ற பெண்கள் அமைப்பு, 'யியா வி காகிங்டி' என்ற பெயரில் டூலாப் பணி நடத்துகிறது. பெயரின் பொருள்: தாய்க்குத் துணை. கவனியுங்கள் நண்பர்களே! கிரேக்கன் 'அடிமை' என்றான். டேவா மக்கள் 'தாய்க்குத் துணை' என்கிறார்கள். எது நாகரிகம்?

நவஹோ இனத்திலே, பேறுகால வலியின்போது பற்றி இழுப்பதற்கு நெய்த இடைக்கச்சை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். குழந்தையின் தொப்புள்கொடியை வீட்டருகே மண்ணிலே புதைப்பதும் வழக்கம். இந்த மண் உன்னுடையது என்று பிள்ளைக்குச் சொல்லும் முதற்சொல் அது. மண்ணையே பறிகொடுத்த இனத்துக்கு அந்தச் சிறு செயல் எவ்வளவு பெரிது என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தக் கச்சையைக் கட்டவும், அந்தக் கொடியைக் குப்பையில் வீசாது தரும்படி கேட்கவும், தாய்மொழியிலே 'தைரியமாயிரு, மகளே' என்று சொல்லவும் ஆள் வேண்டுமல்லவா? அவள்தான் டூலா.

'பகுத்தறிவு பேசுகிறவர்கள் பழைய வழக்கத்துக்குப் பரிந்து பேசுகிறீர்களே, ஆஸ்பத்திரி வேண்டாம், அருள்வாக்குப் போதும் என்கிறீர்களா?' என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. விடை இது: பழையது என்பதற்காக எதையும் போற்றுவதில்லை நாம், பழையது என்பதற்காக எதையும் தூற்றுவதுமில்லை. பெண்ணின் உயிரைக் காக்கிறதா, மானத்தைக் காக்கிறதா, அவள் விருப்பத்தை மதிக்கிறதா? இந்த மூன்று உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறோம். டூலா டாக்டரைத் துரத்தவில்லை. டாக்டருக்கும் தாய்க்கும் இடையே பாலம் போடுகிறாள். உதிரம் மிகுந்தால், வலிப்பு வந்தால், டாக்டரை முதலில் அழைப்பவளே அவள்தான். அமெரிக்காவிலே 2007 முதல் 2016 வரை, இலட்சம் பிறப்புக்கு வெள்ளைத் தாய்மார் 12.7 பேர் பேறு தொடர்பான காரணத்தால் மாண்டார்கள். பூர்வகுடித் தாய்மார் 29.7 பேர்! ஆஸ்பத்திரி இல்லாததால் மட்டுமா? 'வலிக்கிறது' என்று அவள் சொன்னால் நம்ப ஆளில்லாததாலும்தான்.

பழமையும் புதுமையும் கைகோத்து நடக்க முடியுமா என்று ஐயுறுவோர், ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையிலே உள்ள புவிர்னிடுக் என்ற ஊரைப் பார்க்கட்டும். பனி மூடிய இனூயிட் பூமி. 1986இல் அங்கே சொந்தப் பேறுகால நிலையம் திறந்தார்கள். இனூயிட் பெண்களையே மருத்துவச்சிகளாகப் பயிற்றினார்கள். இவர்கள் டூலாக்கள் அல்லர், பிரசவம் பார்க்கும் பயிற்சி பெற்றவர்கள். எனினும் தம்மவள் அருகே இருக்கவேண்டும் என்ற கொள்கை ஒன்றேதான். எவளை ஊரிலே வைத்துக்கொள்வது, எவளை நகருக்கு அனுப்புவது என்பதை மருத்துவச்சிகளும் டாக்டர்களும் சேர்ந்த குழு கூடி முடிவு செய்கிறது. அறுவைக்கு அங்கே வசதி கிடையாது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மாண்ட்ரீலுக்குப் பறக்கவேண்டும். விளைவு? 2000 முதல் 2007 வரை நடந்த ஏறத்தாழ 1,400 பேறுகளில் 86 விழுக்காடு அந்த வட்டாரத்திலேயே நடந்தன. 97 விழுக்காடு இயல்பான பிரசவம்!

இதில் நமக்கென்ன என்று கேட்பாரும் உண்டு. 1930களிலே 'குடி அரசு' ஏட்டில் தந்தை பெரியார் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். மற்றவர்கள் தாயின் உடல்நலத்தையும் நாட்டின் வறுமையையும் காரணம் காட்டினார்கள். அவர் பெண்ணின் விடுதலையைக் காரணம் காட்டினார். அந்தக் கண் கொண்டு பார்ப்பவனுக்கு, டகோட்டாச் சமவெளியின் பூர்வகுடித் தாய் அந்நியளாகத் தெரியமாட்டாள். பெண்ணைக் கேளாமல் அவள் வயிற்றின்மீது தீர்ப்பு எழுத, சர்க்காருக்கும் உரிமை இல்லை, சாத்திரத்துக்கும் உரிமை இல்லை.

இனி ஆகவேண்டியது என்ன? டூலாவுக்குக் கூலி! ஆரிகன், மின்னசோட்டா போன்ற மாநிலங்கள் 2010களிலேயே, ஏழைகளுக்கான 'மெடிக்கெய்ட்' காப்பீட்டில் டூலாவுக்கு ஊதியம் தர முன்வந்தன; பின்னர் வேறு மாநிலங்களும் வந்தன. நல்லது. ஆனால் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. ஒன்று, சொற்பக் கூலி. இரவு பகல் பாராமல் கண்விழித்திருப்பவளுக்குக் காசு கேட்டால், 'சேவை அல்லவா, புண்ணியம் அல்லவா' என்பது! பெண் செய்யும் வேலைக்கு மட்டும் புண்ணியத்தைச் சம்பளமாகக் கொடுக்கும் தந்திரம் எல்லா நாட்டுக்கும் பொது. மற்றொன்று, சான்றிதழ்க் கெடுபிடி. நாற்பது ஆண்டு தன் குலத்துப் பெண்களுக்குத் துணையிருந்த கிழவியை, நகரத்து வகுப்பறையில் கட்டணம் கட்டிப் படித்த சீட்டு எங்கே என்று கேட்டு வாசலில் நிறுத்தினால், காசு சர்க்காருடையதாகவும் கதவு மூடியதாகவும்தான் இருக்கும். பயிற்சி வேண்டும், எந்தப் பயிற்சி, யார் தருவது என்பதை அந்தந்த மக்களே முடிவு செய்யவேண்டும்.

பணம் கொடு, கட்டளையிடாதே. கதவைத் திற, அவளை உள்ளே விடு. காகிதத்தை நீட்டுமுன், அதைப் படித்துச் சொல்ல ஒருத்தி அங்கே இருக்கட்டும். சிரமமான கோரிக்கையா இது? கோடிகளைக் கொட்டிக் கோபுர உயரத்துக்கு ஆஸ்பத்திரி எழுப்புகிறவர்கள், கட்டிலருகே ஒரு நாற்காலி போடமாட்டார்களா?

நாற்காலியைக் கேட்பவர்கள் பிச்சை கேட்கவில்லை. தங்கள் பாட்டியின் வயிற்றிலே கத்தி பட்டதை அறிந்தவர்கள், தங்கள் தாயின் கையிலிருந்து குழந்தை பறிபோனதைக் கண்டவர்கள், தங்கள் மகளின் பேறுகாலத்திலேனும் அது நடவாமல் காக்க உட்காருமிடம் கேட்கிறார்கள். கொடுத்தே ஆகவேண்டும்!